காந்தத்தின் ஓரத்தில் சரிந்த எண்கள்

கட்டம் போட்ட தாள் முழுக்கப் பென்சில் எண்கள். எழுதி, அழித்து, மறுபடி எழுதிச் சில கட்டங்களில் தாளே ஓட்டையாகியிருந்தது. எண்பதுகளின் கடைசியில், ஓசூரில் சின்ன மோட்டார்கள் செய்யும் கம்பெனியொன்றில் நான் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆறு பெண்களின் வேலையைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான். அதைக் கொண்டுவந்தவர் டிசைன் மேடம். காவேரிப்பட்டினத்துக்காரர். என்னைவிட நாலு வயது இளையவர், ஆனாலும் எங்களுக்கு மேடம்தான்.

அந்த வருடம் புது மோட்டார் ஒன்று வந்தது. உள்ளே நிரந்தரக் காந்தம் வைத்தது. மெதுவாகச் சுழலும்போது விக்கி விக்கி ஓடியது. வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினார்கள். டிராயிங் வெளிநாட்டிலிருந்து வந்தது, அதில் தப்பிருக்காது, கம்பி சுற்றும் கைகளில்தான் தப்பு என்று மேனேஜர் முடிவுகட்டினார். எங்களை நீக்கச் சொல்லும் அறிக்கையில் கையெழுத்துப் போட மேடத்தைக் கூப்பிட்டார். மேடம் போகும்போது, கம்பியே சுற்றாத வெறும் இரும்பை உள்ளே போட்ட ஒரு மோட்டாரை எடுத்துப்போனார்.

"கையால சுத்திப் பாருங்க சார். இதுலயும் விக்குது. இதுல அவங்க கை எங்க பட்டுச்சு?"

"அப்ப காரணம் என்னான்னு நீயே காட்டும்மா. பதினஞ்சு நாள் தரேன்."

கம்பெனியில் இருந்த ஒரே கம்ப்யூட்டரை மட்டும் தரவில்லை. காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மேடம் பெரிதாக வரைந்து, நூற்றுக்கணக்கான கட்டங்களாகப் பிரித்து, ஓரக் கட்டங்களில் மட்டும் எண்களை எழுதி, சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் வந்தார்.

"அக்கா, சுத்தி இருக்கிற நாலு கட்டத்து நம்பரையும் கூட்டி, நாலால வகுத்து நடுவுல எழுதணும். நம்பர் மாறாம நிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பப் போடணும். காந்தம் எங்க எவ்ளோ இழுக்குதுன்னு அதுல தெரிஞ்சிரும்."

நாங்கள் பத்தாவது வரை படித்தவர்கள். கூட்டி வகுக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? எங்களில் ஒருத்தி தெலுங்கில் கூட்டுவாள், இன்னொருத்தி கன்னடத்தில். விடை மட்டும் ஒன்றாக வரும். பதிமூன்றாம் நாள் எண்கள் நின்றன. காந்தம் முடியும் ஓரத்தில் அவை திடீரென்று சரிந்திருந்தன. நாங்கள் கம்பி சுற்றும் இரும்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பல்லும் அந்த ஓரத்தைத் தாண்டும்போது இழுபட்டு விக்கியிருக்கிறது.

மேனேஜர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "கம்பி சுத்துற பொம்பளைங்க போட்ட கணக்கா இது?"

"தப்பு எங்கன்னு காட்டுங்க சார், திருத்திக்கறோம்."

அவர் தாளைத் தள்ளிவைத்தார். காந்தத்தின் ஓரங்களைச் சரிவாகத் தேய்த்துப் பொருத்திய மோட்டாரை மேடம் அவர் மேசைமேல் வைத்தார். விரலால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

எங்களை நீக்கும் பேச்சு அதோடு நின்றது. ஆனால் திருத்திய டிராயிங்கில் தன் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்றார் மேனேஜர். மேடம் தன் பெயருக்கு முன்னால் எங்கள் ஆறு பேரின் பெயரையும் எழுதினார். மேனேஜர் அந்தப் பெயர்களை அடித்துவிட்டார். மேடம் புதிதாக வரைந்து மறுபடி எழுதினார். மூன்றாம் தடவை எழுதியதற்கு மேடத்தை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போதும் முகம் வாடவில்லை. "டிராயிங் அவங்களுது. கணக்கு நம்முளுது. யாரு கேட்டாலும் சொல்லுங்கக்கா" என்றார்.

இன்று அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடுமாம். போடட்டும். இத்தனை வருடத்தில் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே சொல்கிறேன்: அதைப் போட்டது நாங்கள் ஏழு பேர்.