ஜமால் பாயின் டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது?

போன சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, மொட்டை மாடியில் ஓர் இரும்புக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கம்பத்தின் உச்சியில் ஒரு டிஷ் ஆன்டெனா. கும்பகோணத்து வெயிலில் நாங்கள் இருவரும் கொதித்துக்கொண்டிருந்தோம்.

கீழே ஹாலில் என் மனைவி கோமதி. அவளுக்கு எதிரே டிவி. நீலத் திரை, நடுவில் 'சிக்னல் இல்லை' என்ற ஒரு வரி. மூன்று நாளாக இந்த ஒரே நிகழ்ச்சிதான். விளம்பர இடைவேளைகூடக் கிடையாது.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு இப்போது ஒரு சந்தேகம் வரும். டிவியே வேண்டாம் என்று கேபிளைத் துண்டித்த ஆள் அல்லவா இவர்?

ஆமாம். அந்த வீர வரலாற்றை இதே இடத்தில்தான் எழுதினேன். டிவி இல்லாத வீட்டில் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்கள் என்று முழங்கினேன். பேசினோம் என்பது உண்மை. என்ன பேசினோம் என்பதை மட்டும் எழுதவில்லை. மன்னார்குடி வாசகர் ஒருவர், 'உங்களைப் பார்த்து நானும் துண்டித்துவிட்டேன்' என்று கடிதம் போட்டிருந்தார். அவர் வீட்டம்மாவிடம் இந்த வரியிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என் சபதத்தைக் கலைத்தவள் செண்பகம். கோமதியின் தங்கை. நன்னிலத்துக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கரில் நெல் போடுகிறாள். செவ்வாய்க்கிழமை போன் செய்தாள்.

"அக்கா, சனிக்கிழமை அஞ்சரை மணிக்கு நான் டிவியில வர்றேன். விவசாய நிகழ்ச்சி. நம்ம வயலுக்கே வந்து படம் புடிச்சாங்க."

"இங்கதான் உங்க அத்தான் டிவிய ஊமையாக்கி வெச்சிருக்காரே..."

"இலவச டிஷ் ஒண்ணு மாட்டச் சொல்லுக்கா. எங்க ஊர்ல எல்லார் வீட்டுலயும் அதான். அந்தச் சேனல் அதுல வரும்."

கோமதி என்னைப் பார்த்தாள். நான் செல்போனைத் தூக்கிக் காட்டினேன். இதில் பார்த்தால் போதாதா?

"அவ வீட்டுக்காரர் தவறிப் போனப்ப, நிலத்த வித்துட்டு எங்கூட வந்துடுடின்னு சொன்னவ நான்தான். அவ கேக்கல. ஒத்த ஆளா நின்னு இன்னைக்கு டிவிக்காரன் தேடி வர்ற அளவுக்கு வந்திருக்கா. அவளை உள்ளங்கையில வெச்சுப் பாக்கச் சொல்றீங்களா? எனக்குப் பெருசாப் பாக்கணும்."

செல்போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

புதன்கிழமை டிஷ் வாங்கினேன். மாட்டிக்கொடுக்க ஆள் அனுப்புவதாகக் கடைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன். நாலு போல்ட், நாலு நட்டு. அலமாரி நிறையப் புத்தகம் படித்தவனுக்கு இதற்கு ஓர் ஆளா?

கூட வந்த காகிதத்தில் ஒரே ஒரு படம். டிஷ்ஷைச் செயற்கைக்கோளை நோக்கித் திருப்பி வைக்கவும் என்று எழுதியிருந்தது. செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. அது நமக்கே தெரிந்திருக்கும் என்ற மரியாதை போலிருக்கிறது.

இந்த மாதிரி நேரத்தில் நம் ஊரில் என்ன செய்வோம்? திசைகாட்டியையா தேடுவோம்? பக்கத்து வீட்டைப் பார்ப்போம். சுவருக்கு என்ன பெயின்ட், போருக்கு என்ன மோட்டார், பையனுக்கு என்ன படிப்பு... எல்லாமே பக்கத்து வீட்டைப் பார்த்து எடுத்த முடிவுகள்தானே! பக்கத்து வீட்டுக்காரர் யாரைப் பார்த்து முடிவெடுத்தார் என்று எவரும் கேட்டதில்லை.

என் பக்கத்து வீடு ஜமால் பாய் வீடு. தம்மாமில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்து, இப்போது ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவர் வீடு எங்களுடையதைவிட ஒரு மாடி உயரம். மேலே ஒரு டிஷ் உண்டு. எங்கள் மாடியிலிருந்து அதன் முதுகு மட்டும் தெரியும். சவூதி வரை பார்த்த மனிதர், தப்பாகவா வைத்திருப்பார்?

வியாழக்கிழமை காலை அண்ணாந்து பார்த்தேன். பாயின் டிஷ் கிழக்கே பார்த்தது. நானும் கிழக்கே வைத்தேன். சிக்னல் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி பார்த்தேன். பாயின் டிஷ் நேராக உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். உச்சிதான். சரி, என் கண் கோளாறு என்று நானும் உச்சிக்குத் திருப்பினேன். சிக்னல் இல்லை. சாயங்காலம் பார்த்தால் அது மேற்கே சாய்ந்திருக்கிறது!

"என்னங்க இது, அது பாட்டுக்குத் திரும்புது?" என்றாள் கோமதி.

"பூமி சுத்துதுல்ல? செயற்கைக்கோள் நகரும். அதுக்கேத்த மாதிரி பாய் திருப்பறாரு" என்று விளக்கினேன். அவள் நம்பினாள். அதைவிட மோசம், நானும் நம்பினேன்.

பாயிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கேட்டால் எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடுமே!

ஆக, சனிக்கிழமை நாலு மணி. நான் கம்பத்தோடு நிற்கிறேன். அப்போது பாயின் மனைவி மெகருன்னிசா தங்கள் மாடிக்கு வந்தார். டிஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்தார். நீர்ப்பானையைத் திருப்புவது போல அலட்சியமாக மேற்கே ஒரு திருப்பு திருப்பினார்.

"அம்மா! பாத்துத் திருப்புங்கம்மா! செட்டிங் போயிடப் போவுது!" என்று கத்தினேன்.

கைப்பிடிச் சுவர் மேல் எட்டிப் பார்த்தார். "என்ன செட்டிங்ணே? உப்புக்கண்டம் காயப் போட்டிருக்கேன். பெருநாள் கறி. தரையில போட்டா பூனை தூக்கிடுது. இதுல அதால ஏற முடியல. வெயில் போற பக்கமாத் திருப்பி விட்டுட்டே இருப்பேன்."

"அப்ப... டிவி?"

"நெட்டுல பாக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சே! தட்டு சும்மாதானே கெடந்துச்சு."

மூன்று நாள். மூன்று நாளாக உப்புக்கண்டத்தின் பின்னால் சுற்றி வானத்தில் செயற்கைக்கோள் தேடியிருக்கிறேன்.

கீழேயிருந்து கோமதியின் குரல் வந்தது. "என்னங்க... நாலே கால் ஆயிடுச்சு." கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

மெகருன்னிசா உடனே கடைக்குப் போன் போட்டார். பத்தாவது நிமிஷம் ஜமால் பாய், கட்டிய லுங்கியும் கையில் ஸ்பேனருமாக எங்கள் மாடியில் நின்றார்.

"ஏன் சார், என்னைய ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? அது எங்கேயும் நகராது சார். தென்கிழக்கு. அந்தத் தென்னைக்கும் தண்ணி டேங்குக்கும் நடுவுல... நல்லா அண்ணாந்த மாதிரி."

அவர் திருப்பினார். நான் கம்பத்தைப் பிடித்தேன். கோமதி கீழேயிருந்து கத்தினாள்.

"வந்துச்சா?" என்றேன்.

"இல்ல!"

"இப்ப?"

"ஏதோ வந்துச்சு... போச்சு!"

"ஒரு நெல்லு அளவு இந்தாண்ட தள்ளுங்க சார். நெல்லு அளவுன்னேன், மூட்டை அளவு இல்ல!"

"வந்துடுச்சு, வந்துடுச்சு! ஆனா இந்திங்க!"

"இந்தி வந்தா தமிழும் வரும். தேடச் சொல்லுங்க" என்றார் பாய்.

தேடினோம். இந்தியில் பஜனை, இந்தியில் குஸ்தி, இந்தியில் மூட்டுவலித் தைலம். அஞ்சு இருபத்தெட்டுக்கு ஒரு தமிழ்க் குரல். கோமதி ரிமோட்டை அப்படியே கீழே வைத்தாள். இன்னொரு முறை அழுத்தினால் போய்விடுமோ என்ற பயம்.

செண்பகம் வந்தாள். பின்னால் பச்சைப் பசேல் என்று குறுவை.

"அது என் புடவை" என்றாள் கோமதி. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பாயும் மெகருன்னிசாவும் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

பேட்டி எடுத்தவர் பூச்சி மருந்தைப் பற்றிக் கேட்டார். செண்பகம் மைக்கைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: "பக்கத்து வயல்ல அடிக்கிறாங்கன்னு நாமளும் அடிக்கக் கூடாதுங்க. நானும் மொதல்ல அப்படித்தான் அடிச்சுக் கெடுத்தேன். அவங்க எதுக்கு அடிக்கிறாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கணும். கேக்கறதுல என்னங்க கௌரவக் கொறைச்சல்?"

ஹாலில் மூன்று தலைகள் மெதுவாக என் பக்கம் திரும்பின. நான் குறுவைப் பயிரை உன்னிப்பாகக் கவனித்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் போன் வந்தது. "அக்கா, பாத்தியா? பெருசாத் தெரிஞ்சேனா?"

"செவுரு கொள்ளாமத் தெரிஞ்சடி" என்றாள் கோமதி. "நல்லவேளை, நான் சொன்னதக் கேக்காமப் போனே."

மறுநாள் மத்தியானம் மாடிக்குப் போனேன். எங்கள் டிஷ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே வட்டமாக மோர் மிளகாய்.

"அவ மறுபடி டிவியில வர்றப்ப திருப்பிக்கலாம்" என்றாள் கோமதி. "பூனை ஏறாதாம்ல?"

நாலு வீடு தள்ளி, ஒரு மொட்டை மாடியில் ஓய்வுபெற்ற தாசில்தார் புது டிஷ் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் டிஷ்ஷின் முதுகையே உற்றுப் பார்த்தார். மெல்லத் தன்னுடையதைத் திருப்ப ஆரம்பித்தார்.

சொல்லியிருக்கலாம். ஆனால், அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!