ஊசி காட்டாத எண்கள்

பொய்யான அளவுகளைச் சொல்லி என் தோழியின் படிப்பைக் கெடுத்தவள் நான். அறியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அறிந்தே செய்தேன்... அறிந்தே இத்தனை வருடம் வாய்மூடி இருந்தேன்.

ஹப்சிகுடாவில் காய்கறி வாங்கும்போது நீங்கள் என்னைப் பார்த்திருக்கக்கூடும். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் அம்மாள். மாணவர்களிடம் நேர்மையைப் பற்றி நீட்டி முழக்குகிறவள்! அந்த அம்மாளை நம்பாதீர்கள்.

செண்பகம் போலாரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் அப்பாவுக்கு அங்கே ராணுவ அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. எங்கள் வீடு தார்நாகாவில். தெலுங்கும் உருதும் பேசும் இந்த ஊரில், பட்ட வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான், ஒட்டிக்கொண்டோம். வீட்டின் நெல்லைத் தமிழும் தெருவின் உருதும் அவள் வாயில் ஒன்றாகவே வரும். எதையாவது வேண்டாமென்றால் "நக்கோட்டி" என்பாள். அதைக் கேட்பதற்காகவே வேண்டாததையெல்லாம் அவளிடம் நீட்டுவேன். மாலையில் ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜியைப் பங்கு போட்டுத் தின்று, காரம் தாங்காமல் கண்ணீரும் சிரிப்புமாக பஸ்ஸுக்கு நிற்போம். எத்தனை நல்ல நாட்கள் அவை! இன்று மெட்ரோ தூண்களுக்கு நடுவே நின்று அந்தக் கடை இருந்த இடத்தைத் தேடுகிறேன். தெரியவில்லை.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. போலாரத்தில் தான் படித்த பள்ளியிலேயே இயற்பியல் டீச்சராக வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேருக்கு ஒரு மேசை. ஒருத்தி அளவை வாசிக்க வேண்டும், மற்றவள் எழுத வேண்டும். வாசிப்பவள் நான். ஒருநாள் எங்களுக்குக் கிடைத்தது ஸ்கூட்டர் பல்பு. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் மின்னோட்டத்தைக் குறிக்க வேண்டும். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் திறன். பள்ளிப் பிள்ளைகூடச் செய்யும் கணக்கு.

ஆனால் எனக்கு மீட்டரின் ஊசி தெரியவில்லை. கண் மங்கத் தொடங்கியிருந்தது. புதுக் கண்ணாடி பைக்குள்தான் இருந்தது. அதைப் போட்டால் முகம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். இந்த முகத்துக்கு அவ்வளவு கவலை!

பல்பின் அடியில் 12 வோல்ட், 21 வாட் என்று பொறித்திருந்தது. இருபத்தொன்றைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒன்றே முக்கால் ஆம்பியர். அப்படியானால் மின்தடை ஏறக்குறைய ஏழு ஓம். மனக்கணக்கில் நான் கெட்டிக்காரி. எந்த அழுத்தம் வைத்தாலும் அதை ஏழால் வகுத்து, ஊசியைப் பார்ப்பது போலக் குனிந்து, எண்ணைச் சொன்னேன். செண்பகம் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள். எல்லா வரியிலும் ஏழு ஓம்! வரைபடத்தில் நூல் பிடித்தது போல நேர்கோடு. அன்று எங்கள் சாருக்குப் பதிலாக வந்தவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

பல்பின் இழை சூடேறினால் அதன் மின்தடையும் ஏறும். குறைந்த அழுத்தத்தில் மூன்று, பிறகு நான்கு, ஐந்து என்று ஏறித்தான் ஏழைத் தொடும். அப்போது அது எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் நான் சொன்னவை ஊசி காட்டிய எண்கள் இல்லை என்பதுதான்.

செய்முறைத் தேர்வில் சீட்டுக் குலுக்கினார்கள். அவளுக்கு வந்தது அதே பல்பு.

அடுத்த மேசையிலிருந்து பார்த்தேன். இணைப்பைச் சரியாகவே கொடுத்தாள். மூன்று ஓம் என்று முணுமுணுத்தாள். முகம் சுருங்கியது. கம்பி முனைகளைச் சுரண்டித் திரும்ப இணைத்தாள். மறுபடி மூன்று, அப்புறம் நான்கு... மாறக்கூடாது என்றல்லவா நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன்! எழுதியதை அடித்தாள், கழற்றினாள், மாட்டினாள். நேரம் முடிந்தபோது அவள் தாளில் அடித்தல்கள் மட்டுமே இருந்தன.

தேறவில்லை. மறுதேர்வு எழுதச் சொல்லிக் கெஞ்சினேன். அன்று பஸ் நிறுத்தத்தில் அவள் சொன்னது:

"எனக்கு இதெல்லாம் வராதுட்டி. கை சரியில்ல. நீயாவது படி."

அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதும். "உன் கை சரிதான், நான்தான் பொய் சொன்னேன்." ஏன் சொல்லவில்லை? அவள் என்னை வெறுத்துவிடுவாள் என்ற பயம். வேறு காரணம் எதுவும் இல்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அவள் ஆசைப்பட்ட அதே பள்ளியில்தான் இன்றும் இருக்கிறாள். அலுவலக அறையில். இயற்பியல் வகுப்புகளுக்கு ஆசிரியர் யாராவது வராவிட்டால், வேறு ஆள் ஏற்பாடு செய்வது அவள் வேலை.

போன மாதம் போன் செய்தாள். அவள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு.

"ஏட்டி, பல்புல ரெசிஸ்டன்ஸ் ஏறும்னு இவ சொல்லுதா. நமக்கு மாறவே இல்லையே?"

"அவ சொல்றதுதான் சரி செண்பகம்."

பின்னால் மகள் இந்தியில் ஏதோ கேட்டாள். அவளைச் சற்று இருக்கச் சொல்லிவிட்டு இவள் என்னிடம் கேட்டாள்.

"அப்போ பரீச்சைல எனக்கு வந்தது சரிதானா?"

"சரிதான்."

இதோ, அப்படியானால் அன்று நீ வாசித்தது என்ன என்று இப்போது கேட்பாள் எனக் காத்திருந்தேன். கேட்டுவிடட்டும் என்றுகூட நினைத்தேன். அவளோ மெல்லச் சிரித்தாள்.

"கிளாஸ்ல நான்தான் தப்பா எழுதிட்டேன் போல. நீ சரியாத்தான் வாசிச்சிருப்ப. உன்னையும்லா சேர்த்துக் கெடுக்கப் பாத்திருக்கேன்."

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா?

"போகட்டும் விடு" என்றேன்... அவளை நான் மன்னித்துவிட்டேன்.