கல்வாசலைச் சுற்றிப் போனவள்

சிகேனோ அக்காவின் டீக்கடையில் இருபத்திரண்டு வருஷமாகப் பாத்திரம் கழுவுகிறேன். ஜப்பானின் மியாஜிமா தீவில், தேவி கோயிலுக்குப் போகிற கரைப் பாதையில் கடை. காலையில் படகில் வந்து கும்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்புகிறவர்கள்தான் எங்களுக்கு வாடிக்கை. அக்காவுக்கு எழுபத்தொரு வயசு. யாராவது கையிலிருந்த பலகாரத்தை மான் பிடுங்கிவிட்டால், "அது தேவியோட மானு. அங்க போயி நியாயம் கேளுங்க" என்பாள்.

பல வருஷமாகவே கோயில் பாதையின் கல்வாசலுக்குள் அக்கா நுழைவதில்லை. மணலில் இறங்கிச் சுற்றித்தான் வருவாள். கேட்டால், "போட்டோ புடிக்கிற கூட்டத்துல யாரு மிதி வாங்குறது?" என்பாள். நானும் நம்பினேன்.

போன கார்த்திகையில் ஒரு அம்மாள் அதே மாதிரி மணலில் சுற்றி வந்தாள். கறுப்பு உடுப்பு. சாவு வீட்டுக்காரர்கள் ஐம்பது நாள் அந்த வாசலுக்குள் போகக்கூடாது என்பதால் எனக்குப் புரிந்துவிட்டது. பேர் தொமோயோ, ஒகாயாமாவிலிருந்து வந்திருந்தாள். இரண்டு டீ கேட்டு, ஒன்றை மடியிலிருந்த வெள்ளைத் துணி மூட்டைக்கு முன்னால் நகர்த்தினாள்.

"என் வீட்டுக்காரரு. வருஷா வருஷம் ரெண்டு பேரும் வருவோம். மலையில ஒரு துண்டு எலும்பைப் புதைச்சிடுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்:

"சாவுத் தீட்டு படக்கூடாதுன்னு இந்தத் தீவுல ஒரு கல்லறைகூடக் கிடையாதும்மா. எங்க அப்பாவையே படகுல ஏத்தி அக்கரைக்குத்தான் கொண்டு போனோம்."

"விரல் நுனி அளவுதான். யாருக்குத் தெரியப்போவுது?"

அக்கா விரட்டப்போகிறாள் என்று பார்த்தேன். அவள் முக்காலியில் ஏறி, மேல்தட்டிலிருந்து பச்சைத் தேயிலை டப்பாவை எடுத்து வந்து தொமோயோ முன்னால் திறந்தாள். பஞ்சுக்குள் ஒரு சின்ன எலும்பு, தொண்டை எலும்பு.

"இது எங்க வீட்டுக்காரரு. பதிமூணு வருஷமாச்சு. மத்ததை அக்கரையில புதைச்சிட்டு இதை மட்டும் இடுப்புக் கச்சையில முடிஞ்சி கொண்டாந்தேன். யாருக்கும் தெரியல."

அந்த டப்பாவுக்குப் பக்கத்தில்தான் தேவியின் மாடம். தினமும் அங்கே அரிசியும் தண்ணீரும் வைக்கிறவள் நான். டப்பாவையும் துடைத்திருக்கிறேன்.

"அப்ப பக்கத்துலயே இருந்திருக்காருல்ல?" என்றாள் தொமோயோ மெதுவாக.

"இருந்தாரு. ஆனா பதிமூணு வருஷமா நான் அந்த வாசலுக்குள்ள போகல. கோயிலுக்கு எதிர்லயே கடை, ஒருநாள் உள்ள போயிக் கும்பிடல. நீ புதைச்சிட்டுப் போ. அடுத்த வருஷம் எந்த வழியா வருவ?"

மூட்டைக்கு முன்னால் இருந்த டீ ஆறிவிட்டது.

மூன்றேகால் படகில் மூன்று பேரும் அக்கரைக்குப் போனோம். எங்கள் ஊர்க் கல்லறைகள் அங்கே மேட்டில் இருக்கின்றன. அக்கா டப்பாவைப் புருஷனுடைய கல்லுக்கு அடியில் சேர்த்தாள். தொமோயோ மூட்டையைத் தீவைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இங்கேருந்து மலை முழுசாத் தெரியுது," என்றாள். பிறகு எழுந்துபோய், புதைக்க இடம் கிடைக்குமா என்று கல்லறை மேட்டைக் கவனிக்கிற சாமியாரைக் கேட்டாள்.

மறுநாள் விடியற்காலை, தீட்டுப் போக டப்பா இருந்த மேல்தட்டை உப்புப் போட்டுக் கழுவினேன். அக்கா வருவது தெரிந்தது. வாசல் முன்னால் நின்றாள். உள்ளே வருவாள் என்று நினைத்தேன். மணலில் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க்கா?"

"நேத்துதானேடி அவரைக் கொண்டுபோய் விட்டேன். இன்னும் நாப்பத்தொம்போது நாள் இருக்கு."