ஆடு தின்ற மாவிளக்கு

இலுப்பூர்ப் பக்கம் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் நான். காதுகுத்து, கிடாவெட்டு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மரத்துக்கு மரம் குழாய் கட்டி ஊரைத் தூங்கவிடாமல் செய்வதுதான் தொழில். அப்படிப்பட்டவன் வீட்டில் போன வருஷம் சத்தமே இல்லாமல் போயிற்று. என் மனைவிக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி வந்து, தீபாவளிக்கு முன்னால் புதுக்கோட்டையில் ஆபரேஷன் செய்தோம். பயப்படுகிற மாதிரிக் கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குரல்தான் கொஞ்ச நாள் கம்மும், பேசப் பேசச் சரியாகும் என்று சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்குப் போன் போட்டாள். கரகரவென்று ஒரு குரல் வெளியே வந்தது. அந்தப் பக்கம் மகள், "யாருங்க பேசுறது?" என்றாள். அம்மா என்று தெரிந்ததும் பாவம், பதறிப்போய் என்னென்னவோ சமாதானம் சொன்னாள். இவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போனை என் கையில் கொடுத்தாள். அன்றைக்கு மூடிய வாய்தான். கார்த்திகை பிறந்தும் திறக்கவில்லை.

நானும் கோமாளித்தனம் பண்ணிப் பார்த்தேன். கடையிலிருந்து மைக்கைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டி, "மைக் டெஸ்டிங்" சொல்லச் சொன்னேன். பதில் கரண்டியில் வந்தது. சட்டி விளிம்பில் மெல்லத் தட்டினால் சோறு தயார் என்று அர்த்தம். ஓங்கித் தட்டினால் நான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறேன். ஓங்கித் தட்டுவதுதான் அதிகம் கேட்டது. வெளியே பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தாலும் எனக்கு உள்ளுக்குள் பயம். பேசினால்தான் குரல் வரும் என்கிறார் டாக்டர். குரல் வந்தால்தான் பேசுவேன் என்று உட்கார்ந்திருக்கிறாள் இவள். ஆயிரம் பேர் கூடுகிற திடலுக்குச் சத்தம் கொடுக்கிறவனுக்கு, தன் அடுப்படிக்குக் கொடுக்க வழி தெரியவில்லை.

கார்த்திகை தீபம் வந்தது. குனிந்து நிமிர்ந்தால் கழுத்து இழுக்கிறது என்று சைகையில் சொன்னாள். சரி, இந்த வருஷம் எல்லாம் என் பொறுப்பு என்று அறிவித்தேன். அப்போது அவள் பார்த்த பார்வைக்கு வார்த்தையே தேவைப்படவில்லை.

முதலில் பொரி உருண்டை. நெல்பொரி, பொட்டுக்கடலை, பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய் எல்லாம் தயாராக இருந்தது. வெல்லப் பாகில்தான் விஷயம். பாகைத் துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டால் 'டிங்' என்று சத்தம் வர வேண்டும். அதுதான் பதம். வருஷக் கணக்கில் குழாய்க்கு அடியிலேயே நின்ற காது எனக்கு. போட்டேன், கேட்கவில்லை. இன்னும் கொதிக்கவிட்டேன். மறுபடி போட்டேன், அப்போதும் கேட்கவில்லை. கூடத்தில் திரி திரித்துக்கொண்டிருந்தவள் கரண்டியால் தரையில் தட்டினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து அடுப்பைக் கூட்டினேன்.

கையில் அரிசி மாவைத் தடவிக்கொண்டு சூட்டோடு சூடாகப் பிடித்ததில், உருண்டையை விட விரல் நன்றாக வெந்தது. பிடித்த உருண்டை ஒன்று தவறித் தட்டில் விழுந்தது. அப்போது கேட்டது பாருங்கள், டிங். பக்கத்து வீட்டுக்காரப் பெண்ணே என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தது. ஆடு வளர்க்கிற பெண், வாயில் எப்போதும் நக்கல். உருண்டையை எடுத்துச் சுவரில் ஒரு தட்டுத் தட்டியது.

"அண்ணே, இதக் கதவுக்கு அண்டக் குடுங்க. காத்துல அடிக்காது" என்றது. பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மதினி என்று கேட்டது. இவள் சிரித்தாள். கை மட்டும் கழுத்துக்குப் போயிற்று.

அடுத்தது அலங்காரம். ஊர்க் கோயிலுக்கெல்லாம் சீரியல் பல்பு கட்டுகிறவன் வீட்டில், கார்த்திகைக்கு எண்ணெய் விளக்குத் தவிர வேறு எரியக்கூடாது என்பது அவள் சட்டம். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டினேன். வாழைத்தண்டை வட்ட வட்டமாக வெட்டி விளக்குக்குப் பீடம் வைத்தேன். நான் போட்ட கோலத்தைப் பற்றி வேண்டாம், மிதித்துப் போனவர்கள் யாரும் கோலம் என்று நினைத்து மிதிக்கவில்லை. அகல்களைக் கழுவும்போது பாதியை உடைத்துவிட்டதால், அரிசி மாவும் வெல்லமும் பிசைந்து குழித்து, நெய்யும் திரியும் இட்டு மாவிளக்குச் செய்தேன். சாமிக்கு முன்னால் வைக்க வேண்டியதைப் பெருமைக்காக வாசற்படி ஓரம் வரிசையாக வைத்தேன்.

அவள் தலையை ஆட்டினாள். பக்கத்து வீட்டைக் காட்டி, தலைக்கு மேல் இரண்டு விரலை நிறுத்தினாள். எனக்குத் திமிர் ஏறிவிட்டது என்கிறாளாக்கும் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

பொழுது சாய்ந்ததும் அகல்களை ஏற்றினேன். மகள் வீடியோ காலில் வந்தாள். மாவிளக்குகளை அவள் பார்க்கப் பார்க்க ஏற்றலாம் என்று விட்டுவைத்து, போனைத் தூக்கிப் பிடித்துத் தோரணத்தைக் காட்டினேன். வாழைத்தண்டுப் பீடத்தைக் காட்டி, இந்த மாதிரி டிசைன் கோயம்புத்தூரில் கிடைக்குமா என்று பீற்றிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் நடந்தது எனக்குத் தெரியாது. நடையில் நின்றவளுக்குத் தெரிந்திருக்கிறது. கையைத் தட்டியிருக்கிறாள், தெருவில் வெடித்த வெடியில் அது கேட்கவில்லை. கரண்டி அடுப்படியில் கிடந்தது.

"ஏங்க."

நான் திரும்பவில்லை. அந்தக் குரலை எனக்கும் அடையாளம் தெரியவில்லை.

"ஏங்க, ஒங்களத்தான். அங்கிட்டு ஆடு வெளக்கத் திங்குது, இங்கிட்டுப் பல்ல இளிச்சுக்கிட்டு என்னத்தப் படம் காட்டுறீக? அப்பவே கொம்பக் காட்டிச் சொன்னேன்ல, எதாச்சும் மண்டையில ஏறுதா?"

திரும்பினேன். பக்கத்து வீட்டு ஆடு, மாவிளக்குகளைத் திரியோடு தின்றுவிட்டுக் கடைசி விளக்கின் நெய்யை நக்கிக்கொண்டிருந்தது. விரட்ட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

போனிலிருந்து மகள் கேட்டாள். "அம்மா, நீதானம்மா?"

இவள் கை சட்டென்று கழுத்துக்குப் போயிற்று. வாய் மூடிக்கொள்ளப் பார்த்தது. அதற்குள் மகள் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்: "வேற யாரும்மா அப்பாவ இப்படித் திட்டுவா. இன்னும் கொஞ்சம் திட்டும்மா, கேக்குறேன்."

மகள் கேட்டால் இவள் இல்லையென்று சொன்னதே கிடையாது. பொரி உருண்டையில் ஆரம்பித்து, உடைந்த அகல், கோலம் என்று வரிசையாக வந்தது. குரல் அதே கரகரப்புத்தான், நடுநடுவே அறுந்து அறுந்து போயிற்று. அறுந்த இடத்தில் தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டு நின்ற எனக்குக் கண் கலங்கியது. வெடிப் புகை என்று சொல்லிவைத்தேன்.

ஆட்டைப் பிடிக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் மன்னிப்புக் கேட்டது. கும்பிட வேண்டியவன் நான் என்று சொல்லி, நன்றிக் கடனாக ஆட்டுக்கு ஒரு பொரி உருண்டை நீட்டினேன். திரியையே விழுங்கிய ஆடு, அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

குரல் முழுதாகத் தெளியத் தை மாதம் ஆனது. இந்த வருஷமும் கார்த்திகைக்குப் பாகு காய்ச்சியது நான்தான். துளியை உருட்டித் தட்டில் போட்டால் அந்த டிங் இப்போதும் என் காதில் விழுவதில்லை. கூடத்திலிருந்து, "போதும், எறக்குங்க" என்று அவள் சொல்வது நன்றாகவே விழுகிறது.