நாலரை மில்லி

எங்கள் வீட்டு போர்டிகோவில் பதினெட்டு வருஷமாகக் கார் நின்றதில்லை. கார் தெருவில் வெயிலில் காயும். நிழலில் நிற்பது என் டர்ட் பைக். மண்மேட்டில் தாவுவதற்கென்றே செய்த வண்டி. கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கிவரக்கூட லாயக்கில்லை. என் மனைவி அதற்கு வைத்திருந்த பெயர் 'கெரகம்'. "ஏனுங்க, அந்தக் கெரகத்தைச் சித்த நகத்துங்க, வாசக் கூட்டோணும்" என்பாள், தினமும்.

போன வருஷம் கெரகம் படுத்துவிட்டது. முன் ஃபோர்க்கில் எண்ணெய் ஒழுகியது. சேஸிஸில் விரிசல். பின் சக்கரம் தள்ளாடியது. அதே மாதம் என் இடது முட்டியும் படுத்தது. எனக்கு வயது ஐம்பத்தொன்று. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், மறுபடி எக்ஸ்ரேயைப் பார்த்தார். "ஒரு வருஷம் வேணா ஓட்டிக்குங்க. அப்புறம் வேண்டாமுங்க" என்றார்.

ஒரு வருஷம் எனக்குப் போதும். தை மாதம் ஊருக்கு வெளியே மண்தடத்தில் பைக் பந்தயம் நடக்கும். அதில் ஐம்பது தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. இளவட்டங்கள் பிரியாணி சாப்பிடப் போகிற நேரத்தில் எங்களை ஓடவிடுவார்கள். இருபத்தைந்து வயதிலிருந்து அந்தத் தடத்தில் விழுந்து எழுந்தவன் நான். கோப்பை கீப்பை ஒன்றும் வாங்கியதில்லை. அந்தப் பிரிவில் ஒரே ஒரு தடவை ஓடி முடித்துவிட்டு வண்டியை விட்டு இறங்க வேண்டும். அதுதான் ஆசை. அதற்குப் பழைய வண்டியையே மாற்றிக் கட்டுவதா, புதிதாக ஒன்று வாங்குவதா?

உள்ளுக்குள் நான் முடிவு செய்தாகிவிட்டது: புதுசுதான். ஆனால் எங்கள் ஊரில் ஒருவன் தன் முடிவைத் தானே சொல்லிவிட்டால் அவனுக்குக் கொழுப்பு என்று அர்த்தம். நாலு பேரைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, அவர்கள் வாயிலிருந்து அதை வரவழைத்து, "நீங்க சொன்னாச் சரிங்க" என்று தலையாட்ட வேண்டும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று நண்பர்களைக் கூப்பிட்டேன். ஒருவர் ஃபவுண்டரி வைத்திருக்கிறார். ஒருவர் பம்ப் தயாரிக்கிறார். மூன்றாமவர் ஊரின் தென்கோடியில், போத்தனூரில் மெக்கானிக். நான் வடகோடியில், கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவன். ஆக நாலு பேருமே இரும்பைக் கண்டால் கை அரிக்கிற ஜாதி.

வண்டியைச் சுற்றி நாலு பேரும் குத்தவைத்தோம்.

"என்னங்க பண்ணலாம்?" என்றேன்.

"உங்க இஷ்டமுங்க" என்றார் ஃபவுண்டரிக்காரர்.

"இல்லீங்க, நீங்க சொல்லுங்க."

"அவரு சொல்லட்டுமுங்க" என்று பம்ப்காரரைக் காட்டினார். பம்ப்காரர் மெக்கானிக்கைக் காட்டினார். மெக்கானிக் வண்டியைக் காட்டினார். இப்படியே காபி ஆறிப்போனது. கடைசியில் ஃபவுண்டரிக்காரர் என் முகத்தைப் பார்த்து, "பழசை உடறதுக்கு உங்களுக்கு மனசு வராதுங்கல்ல?" என்றார்.

'ஐயா சாமி, நல்லா வரும், வாங்கிக்கொள் என்று சொல்லித் தொலையும்' என்று கத்தத் தோன்றியது. அவர் அவ்வளவு பரிவாகக் கேட்டபிறகு எப்படி மறுப்பது? "ஆமாங்க" என்றேன்.

அந்த ஒரு ஆமாங்கவில் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

கடைசி நம்பிக்கையாக மனைவியைப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாகக் கெரகம் என்றவள் இதற்குத் துணை போவாளா என்ன? அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "புதுசு எதுக்குங்க? பழசையே செஞ்சுபோடுங்க. நாலு பேரும் இருக்கீங்கள்ல" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வேணும்னா சென்னிமலைக்குப் போய்ப் பூக் கேட்டுட்டு வாங்க" என்று வேறு சொன்னாள். கல்யாணம் முதல் கிணறு வெட்டுவது வரை அந்த மலையில் பூ வைத்து உத்தரவு கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் போகவில்லை. முருகனும் எங்கள் பக்கத்துக்காரர்தான், அவரும் 'உங்க இஷ்டமுங்க' என்றுவிட்டால் நான் எங்கே போவது?

வேலை தொடங்கியது. எந்த உதிரிபாகத்தையும் கடையில் வாங்கக் கூடாது என்பது பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம். சொந்தமாக லேத் இருக்கும்போது விலைக்கு வாங்குவது மானக்கேடு. பின் சக்கரத்தின் நடுக்குடத்தை, ஹப்பை, வார்த்துக்கொண்டு வந்தார் ஃபவுண்டரிக்காரர். கண்ணாடி மாதிரி இருந்தது. "அருமைங்க" என்றோம். பம்ப்காரர் அச்சு கடைந்து வந்தார். "நெம்ப அருமைங்க" என்றோம். மெக்கானிக் சேஸிஸை வெட்டி ஒட்டினார். நான் சங்கிலி மாட்டுகிற பல்சக்கரம், ஸ்ப்ராக்கெட், செய்தேன். அதையும் அருமை என்றார்கள். ஞாயிறு தவறாமல் கூடினோம். என் மனைவி பஜ்ஜி போட்டாள், ஒப்புட்டு சுட்டாள், ஒரு தடவை நாட்டுக்கோழி வறுவல்கூடச் செய்தாள். மாமனார் வீட்டிலிருந்து விருந்துக்கு வரும் ஒறம்பரைக்குக்கூட இப்படி விழுந்து விழுந்து செய்து நான் பார்த்ததில்லை. பெண்டாட்டி திருந்திவிட்டாள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வண்டியை முழுசாகப் பூட்டி நிறுத்தியபோது ஏதோ இடித்தது. முன் சக்கரம் கணபதியைப் பார்த்தால் பின் சக்கரம் போத்தனூரைப் பார்த்தது. யார் செய்ததில் பிழை என்று கேட்பது? ஆறு மாசமாக வெயிலில் வந்து உழைத்த மனுஷர்களிடமா? சங்கிலி நேராக ஓட வேண்டுமே என்று என் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் சத்தம் காட்டாமல் தள்ளிப் பூட்டினேன்.

பந்தய நாளும் வந்தது. வண்டிகளைச் சோதித்து அனுமதிக்கிறவர் பாலக்காட்டுப் பக்கத்து ஆள். ஒரு 'ங்க' கிடையாது, ஒரு சிரிப்புக் கிடையாது. குனிந்தார், ஒற்றைக்கண்ணை மூடினார், எழுந்தார்.

"பின் சக்கரம் நாலு மில்லி தள்ளி இருக்கு. நேரா போகாது. ஓரமா வை."

நான் வாயைத் திறப்பதற்குள் என் பின்னாலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"நாலரைங்க."

பம்ப்காரர். திரும்பிப் பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அங்கேயே எல்லாம் வெளிவந்தது. ஹப் நாலரை மில்லிமீட்டர் விலகியிருந்ததை அவர் முதல் நாளே அளந்துவிட்டார். ஃபவுண்டரிக்காரர் மனசு நோகுமே என்று தன் அச்சை எதிர்ப்பக்கம் தள்ளிக் கடைந்துவிட்டார். மெக்கானிக், அச்சு தப்பு என்று கண்டுபிடித்து, பம்ப்காரர் மனசு நோகுமே என்று சேஸிஸைச் சாய்த்து ஒட்டிவிட்டார். சேஸிஸ் சாய்ந்திருப்பதைப் பார்த்த ஃபவுண்டரிக்காரர், மெக்கானிக் மனசு நோகுமே என்று தன் ஹப்பை அரத்தால் மறுபடி ராவிக்கொண்டு வந்திருக்கிறார். கடைசியில் நான், எல்லார் மனசும் நோகுமே என்று.

"மொதல்லயே புதுசு வாங்கியிருக்கலாமுங்க" என்றார் ஃபவுண்டரிக்காரர், வருத்தமாக. "நாங்க மூணு பேரும் அதைத்தான் நெனச்சோம். நீங்கதான் பழசு மேல உசுரா இருந்தீங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று என் பந்தயத்தை நான் வேடிக்கை பார்த்தேன். ஜெயித்தவருக்கு அறுபது இருக்கும். ஷோரூமிலிருந்து ஓட்டிவந்த வண்டி. ஒரு நட்டைக்கூடத் தொடவில்லையாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வெடித்தேன். "ஒரு வருஷம்! டாக்டர் குடுத்ததே ஒரு வருஷம். அதையும் இந்த நாலரை மில்லி முழுங்கிப்போட்டுது அம்மணி!"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"டாக்டர் ஒரு நாளும் குடுக்கலைங்க" என்றாள்.

"என்ன?"

"அன்னைக்கே எனக்குப் போன் பண்ணினாருங்க. இனி ஒருதடவை உழுந்தா முட்டி தேறாது, வண்டிப் பக்கமே உடாதீங்கன்னாரு. உங்க மூஞ்சியப் பார்த்துச் சொல்ல அவருக்குச் சங்கட்டமா இருந்துச்சாம்."

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்புறம் ஏன்டி பழசையே செஞ்சுபோடுங்கன்னு சொன்ன?"

"புதுசு வாங்கினா அடுத்த நாளே ஓடுமுங்க" என்றாள். "இதுன்னா நீங்க நாலு பேரும் சேர்ந்து செய்யறது. ஓடாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

என்னென்னவோ வாயில் வந்தது. ஒப்புட்டு, பஜ்ஜி, நாட்டுக்கோழி எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. நாலு ஆம்பிளைகள், நாலு பட்டறை, ஆறு மாசம். ஒருத்தி அடுப்படியில் இருந்துகொண்டு எங்களை வைத்து என் முட்டியைக் காப்பாற்றியிருக்கிறாள்.

"நேராச் சொல்லியிருக்கலாமல்ல?" என்றேன்.

"சொன்னா உங்க மனசு நோகுமுங்க" என்றாள். கீரையை ஓரமாக வைத்துவிட்டுத் தைலப் புட்டியை எடுத்தாள். "காலை நீட்டுங்க."

நீட்டினேன்.