மதினியின் விரல்

சமுதாயக் கூடத்தில் இருந்தவர்கள்: விருதுநகரில் இருந்து வந்த மேடம். வெடிமருந்துக் கலவை போடும் அண்ணாச்சி. திரி வெட்டும் அக்கா. பட்டாசைப் பெட்டியில் அடுக்கும் நான். என் பக்கத்து நாற்காலியில் என் அண்ணன் மனைவி, மதினி. அவளும் பெட்டி வேலைதான்.

கம்பெனியில் எங்களுக்கு இரண்டு அறை தள்ளி வெடித்தது. அதற்குப் பிறகு எங்கள் நாலு பேருக்கும் சத்தம் என்றாலே ஆகாது. குக்கர் விசில் கேட்டால் தெருவுக்கு ஓடி வந்துவிடுவோம். அந்தப் பயத்தைப் போக்கத்தான் மேடம் வந்தார்.

கண்ணை மூடி உடம்பைத் தளர விட வேண்டும். மேடம் போனில் வெடிச் சத்தம் போடுவார். முதலில் கொசு மாதிரி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். பயம் வந்தால் ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். ஒருத்தர் தூக்கினாலும் எல்லோரும் ஒரு படி இறங்க வேண்டும். சத்தத்துக்கு மொத்தம் பன்னிரண்டு படி. வாரத்துக்கு ஒரு நாள்.

ஆறாம் படி தாண்டவில்லை. ஒவ்வொரு வாரமும் மதினி விரலைத் தூக்கினாள். தீபாவளி சீசன் வந்துவிட்டது. மேடம் எழுதிக் கொடுத்தால்தான் வேலை. நாலு பேருக்கும் ஒரே சீட்டு.

"இதச் சுருக்க முடிக்க வழி இல்லையா மேடம்?" நான்தான் கேட்டேன்.

"தினம் உட்காருங்க. ஒரே நாள்ல ரெண்டு மூணு படி ஏறிப் பார்க்கலாம். ஆனா பயந்தா மறைக்கக் கூடாது."

வெளியே வந்ததும் அக்கா, "ஒரு வெரலு நாலு குடும்பத்த நிறுத்தி வச்சிருக்கு" என்றாள்.

"தேருகூட வடம் புடிச்சா நகந்துரும்த்தா. இது நகராது போல" என்று அண்ணாச்சி சிரித்தார்.

"நான் என்ன செய்ய? அது தானா எந்திரிக்குது" என்றாள் மதினி.

"நாளைக்குத் தூக்காதீக மதினி" என்றேன்.

மறுநாள் மதினி கை மேல் என் கையை வைத்தேன். மேடம் பார்த்தார்.

"ஒரு தைரியத்துக்கு மேடம்."

"பிடிச்சுக்கோங்க."

சத்தம் கூடியது. என் கைக்குள் விரல் எழும்பியது. அமுக்கினேன். அடுத்த படி. மறுபடி எழும்பியது. அமுக்கினேன். எனக்கும் பயம் வந்தது. என் விரலையும் நான் தூக்கவில்லை.

அன்று மூன்று படி. அடுத்த நாள் மூன்று. சீட்டு வந்தது.

வேலைக்குப் போன முதல் நாள், காற்றில் ஒரு தகரக் கதவு அடித்தது. மதினி செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். சிவகாசி ரோட்டில்தான் பிடிக்க முடிந்தது. அன்றிலிருந்து உள் அறையை விட்டு வருவதில்லை. வீட்டில் குக்கர் வைப்பதில்லை.

மேடம் பார்க்க வந்தார். "வேகமாக் கூட்டிட்டுப் போயிட்டேன். தப்பு என்னோடதுதான்" என்றார். நான் காபியைக் கொடுத்துவிட்டு நின்றேன். மதினி என்னைப் பார்த்தாள். அவளும் சொல்லவில்லை.

அந்த இரண்டு நாளில் என் கைக்குள் அவள் விரல் எழும்பியது ஒன்பது தடவை.