பத்திரிகையில் இல்லாத முடிவு

என் நான்கு வயது மகள் பேய்க்கதைதான் வேண்டும் என்கிறாள். கடைசியில் பேய் எல்லோரையும் மன்னித்துவிட்டது என்று முடித்தால் குழந்தை பயப்படாது. ஆனாலும் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். ஒரு முறை சொல்லியிருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தாராவியில் எங்கள் வீட்டில் மதிய நேரங்களில் அம்மாவும் சித்தியும் பக்கத்து வீட்டு அத்தையும் தாகா வெட்டுவார்கள். பட்டறையில் தைத்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கும் வேலை அது. அம்மாவும் அத்தையும் பள்ளிக்கூடம் போனதில்லை. சித்தி படித்தது இந்திப் பள்ளியில். தமிழ்ப் பள்ளியில் படித்த நான்தான் வாரப் பத்திரிகையில் வந்த பேய்த் தொடரை மூவருக்கும் வாசிப்பேன்.

அந்தத் தொடரில், புருஷன் கிணற்றில் தள்ளிக் கொன்ற ஒருத்தி பேயாகி வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குத் திரும்பி வருவாள். யாரையும் பயமுறுத்த மாட்டாள். அவன் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள் வைத்த குழம்பில் உப்புப் பார்ப்பாள். மழையில் நனையும் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைப்பாள். புதியவள்மேல் அவன் கை ஓங்கும்போது மட்டும் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள். பெண்களுக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது.

“செத்த பெறவும் அடுப்படிய விட்டாளா பாரு” என்பாள் அத்தை.

“மைனி, ஒங்க அடுப்படிக்கும் ஒருத்தி வந்தா நல்லதுதான். கொளம்புல உப்பாவது இருக்கும்” என்பாள் அம்மா.

சித்தி சிரிக்க மாட்டாள். “ஏட்டி, மேல வாசி” என்பாள். சித்தப்பாவிடம் அடி வாங்கிக்கொண்டு செம்பூரிலிருந்து அவள் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. திரும்பிப் போவதா வேண்டாமா என்று வீட்டில் தினமும் பேச்சு நடந்தது. எனக்குச் சித்தப்பாவைப் பிடிக்கும். ஸ்கூட்டரில் மாட்டுங்கா வரை கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கித் தருவார். முந்தின ஞாயிற்றுக்கிழமைகூட வந்து, எங்கள் வாசலில் நின்று அழுதுவிட்டுப் போயிருந்தார்.

தொடரின் கடைசி வாரத்தில் அவள் புருஷனைக் கிணற்றுக்குள் இழுத்துப் போய்விட்டதாகப் போட்டிருந்தது. அந்த இடத்தை வாய்விட்டு வாசிக்கும் முன்பே என் கண் அதைப் பார்த்துவிட்டது. எனக்குச் சித்தப்பாவின் முகம்தான் தெரிந்தது. பத்திரிகையிலிருந்து பார்வையை எடுக்காமல், அவன் அழுதான், அவள் மன்னித்துவிட்டாள், அதன்பின் அவன் யாரையும் அடிக்கவே இல்லை என்று வாசித்து முடித்தேன்.

“இதுக்கா இத்தன வாரம் இழுத்தான்?” என்று அத்தை கத்தரியைக் கீழே வைத்தாள்.

சித்தி என்னை விடவில்லை. “அவன் திருந்திட்டான்னு அவளுக்கு எப்படிட்டி தெரிஞ்சுது?”

“அழுதாம்லா.”

“அழுதாப் போதுமா?”

“போதும்னு போட்டிருக்கு சித்தி.”

அடுத்த ஞாயிறு சித்தப்பா வந்தபோது சித்தி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்மா சொல்லிச் சொல்லித்தான் போனாளா, நான் வாசித்ததை நம்பிப் போனாளா என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஐஸ்கிரீமும் கிடைத்தது.

தீபாவளிக்கு முன்பே சித்தி திரும்பி வந்தாள். இடது கையில் மாவுக்கட்டு. பத்திரிகையில் அப்போது வேறொரு பேய்த் தொடர் வந்துகொண்டிருந்தது. சித்திக்காக அதை உற்சாகமாகப் பிரித்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, முதல் எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

“இது என்ன எழுத்துன்னு சொல்லிக்குடு. இனிமே நானே வாசிச்சுக்கிடுதேன்.”

நான் வாசிப்பது அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்து, அன்று மதியம் முழுவதும் அவளோடு பேசாமல் இருந்தேன்.